ஊசி ஏந்திய கரங்களும் ஒரு பெயரும்

ஆடை மனிதனின் உடலைக் காக்கும் பொருள். அதே வேளையில் அவனைப் பிறருக்கு அறிவிக்கும் மொழியும் ஆகும். துறவியின் அங்கியும், நீதிபதியின் கரிய மேலங்கியும், மணமகளின் பட்டும் வாய் திறவாமலே பேசுகின்றன. இம்மொழியை நன்கறிந்து பயன்படுத்திய கலைகளுள் திரைப்படக் கலை முதன்மையானது. ஒரு பாத்திரம் திரையில் தோன்றிய கணத்திலேயே அவர் செல்வரா வறியவரா, செருக்குற்றவரா பணிவுள்ளவரா, நம்பிக்கையோடு வாழ்பவரா நம்பிக்கை இழந்தவரா என்பதை நாம் பாதியளவேனும் உணர்ந்து விடுகிறோம். உரையாடல் தொடங்கும் முன்பே ஆடை உரையாடி முடித்திருக்கிறது. ஆயினும் அவ்வாடையை எண்ணியவர் யார், வரைந்தவர் யார், வெட்டியவர் யார், தைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்கத் திரையுலகின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளில், இக்கேள்விக்கு விடையாக ஒரு பெயர் மீண்டும் மீண்டும் திரையில் தோன்றியது. அதுவே எடித் ஹெட் என்னும் பெயர். 400க்கும் மேற்பட்ட படங்களோடு தொடர்புடைய பெயர் அது. ஆஸ்கார் விருதுக்கு 35 முறை பரிந்துரைக்கப்பெற்று, 8 முறை அவ்விருதை வென்றவர் இவ்வம்மையார். இத்தனை ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற வேறொரு பெண் இல்லை. அவருடைய வாழ்க்கை வரலாறு உழைப்பின் மேன்மையை நமக்குக் கற்பிக்கிறது. அதனோடு கூடவே, பலர் சேர்ந்து செய்த வேலையின் புகழ் யாரைச் சேர வேண்டும் என்ற, எளிதில் விடை காண இயலாத கேள்வியையும் நம்முன் வைக்கிறது.

பாலைநிலத்துச் சிறுமி

1897ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ நகரில் யூதப் பெற்றோருக்கு எடித் பிறந்தார். தாயின் இரண்டாம் திருமணத்தால் அவருக்கு வாய்த்த மாற்றுத் தந்தை சுரங்கப் பொறியாளர்; கத்தோலிக்கர். அவருடைய சமயமே சிறுமியின் சமயமாகவும் கொள்ளப்பட்டது. சுரங்கம் இருக்கும் இடமே குடும்பம் இருக்கும் இடமானதால், நெவாடா மாநிலத்தின் வறண்ட சுரங்கக் குடியிருப்புகளில் அவருடைய இளமை கழிந்தது. அழகிய ஆடைகளை அணிந்து பார்க்கவோ அணிந்தவரைப் பார்க்கவோ வாய்ப்பில்லாத சூழல் அது.

கல்வியே அவருக்கு வழி திறந்தது. 1919இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியில் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1920இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். ஹாலிவுட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு கற்பித்தவர், ஓவியமும் கற்பிக்க முன்வந்தார். ஓவியத்தில் தமக்குப் பயிற்சி போதாது என்பதால், பகலில் கற்பித்துக்கொண்டே மாலை வேளைகளில் ஓவியப் பள்ளிகளில் மாணவியாக அமர்ந்தார். 1923இல் சார்லஸ் ஹெட் என்பவரை மணந்தார். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை, அதனால் கிடைத்த பெயர் மட்டும் இறுதிவரை நிலைத்தது.

பிறர் வரைந்த படங்கள்

1924ஆம் ஆண்டு, பின்னர் பாரமவுண்ட் என்ற பெயரால் புகழடைந்த படநிறுவனத்திற்கு ஆடைகளை வரையும் ஓவியர் ஒருவர் தேவைப்பட்டார். ஹோவர்ட் கிரீர் என்பவர் அங்குத் தலைமை வடிவமைப்பாளர். எடித் ஹெட் ஒரு கட்டுப் படங்களுடன் அவர்முன் சென்று நின்றார். ஆடை ஓவியங்கள், நிலக்காட்சிகள் எனப் பலவகைத் திறன் காட்டும் படங்கள் அக்கட்டில் இருந்தன. ஒரே கை இத்தனை விதமாக வரைய இயலுமா என்று வியந்த கிரீர், அவரைப் பணியில் அமர்த்தினார்.

உண்மையில் அவை ஒரே கை வரைந்தவை அல்ல. ஓவியப் பள்ளியில் உடன் பயின்றவர்களிடம் இரவல் பெற்ற படங்களே அக்கட்டில் நிறைந்திருந்தன. இதனைப் பிறர் துருவி ஆய்ந்து வெளிப்படுத்தவில்லை. பிற்காலத்தில் எடித் ஹெட்டே வெளிப்படையாகக் கூறிய செய்தி இது. பணியில் சேர்ந்த பின்னர் கிரீருக்கும் உண்மை தெரிய வந்தது; எனினும் அவர் எடித்தை விலக்கவில்லை. கற்றுக்கொள்ளும் வேகத்தை அவரிடம் கண்டார் போலும்.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிறர் கைவண்ணத்தைத் தம் பெயரால் காட்டி உள்ளே நுழைந்தவர், பின்னர் நெடிய உழைப்பால் அவ்விடத்திற்குத் தகுதியுடையவரானார். ஆனால் தொடக்கத்தில் எழுந்த அக்கேள்வி அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை என்பதை அவருடைய பிற்கால வரலாறு காட்டுகிறது.

கிரீருக்குப் பின் டிராவிஸ் பான்டன் தலைமை வடிவமைப்பாளராக விளங்கினார். அவருக்குக் கீழ் எடித் ஹெட் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். பெரிய நடிகையருக்கு உரிய ஆடைகளைப் பான்டன் கவனிக்க, துணைப் பாத்திரங்களின் ஆடைகளும் அவசர வேலைகளும் இவர் பங்காயின. 1938இல் பான்டன் நிறுவனத்தை விட்டு விலகியபோது, அப்பொறுப்பு எடித் ஹெட்டிடம் வந்தது. பெரிய படநிறுவனம் ஒன்றின் ஆடை வடிவமைப்புத் துறைக்குத் தலைமை ஏற்ற பெண்கள் அந்நாளில் மிக அரியர்.

ஓர் ஆடை உருவான விதம்

அக்காலப் படநிறுவனம் ஒரு சிற்றூர் போன்றது. தச்சர், வண்ணம் பூசுவோர், ஒளி அமைப்போர், சமையல் செய்வோர் என எல்லாரும் ஒரே மதிலுக்குள் மாதச் சம்பளமோ வாரச் சம்பளமோ பெற்று உழைத்தனர். ஆடைத் துறையும் அவ்வாறே. வடிவமைப்பாளர் திரைக்கதையைப் படித்து, எந்தக் காட்சியில் யார் என்ன உடுத்துகின்றனர் என்று பட்டியலிடுவார். இயக்குநரிடமும் நடிகையிடமும் கலந்து பேசுவார். ஓவியர்கள் அக்கருத்தைப் படமாக வரைவர். பின்னர்த் துணி வெட்டுவோர், ஒவ்வொரு நடிகையின் அளவுக்கும் ஏற்ப அமைக்கப்பட்ட உருவச் சட்டத்தின்மேல் வெள்ளைப் பருத்தித் துணியால் முதல் வடிவத்தை அமைப்பர். அதன் பின்னரே உண்மையான துணி வெட்டப்படும். தைப்பவர், மணி கோப்பவர், பூவேலை செய்பவர், சாயமிடுபவர் எனப் பல கைகள் கடந்து, இறுதியில் ஆடை ஒளிவிளக்கின்முன் வந்து நிற்கும்.

இத்தனை பேரின் உழைப்பும் திரையில் ஒரே வரியில் அடங்கியது. அன்றைய படங்களில் தொடக்கத்தில் சில அட்டைகளில் மட்டுமே பெயர்கள் தோன்றும். துறைத் தலைவரின் பெயரை மட்டும் காட்டுவது பெரும்பாலும் வழக்கம். துணி வெட்டியவர் பெயரோ, விடிய விடிய மணி கோத்தவர் பெயரோ அங்கு இடம்பெறுவதில்லை. இது எடித் ஹெட் வகுத்த முறையன்று; அவர் வருவதற்கு முன்பே இருந்த முறை. ஆனால் அம்முறையின் பயனை அவரைப் போல் நெடுங்காலம் துய்த்தவர் சிலரே.

ஒழுக்க நெறியும் ஒரு துண்டுத் துணியும்

இங்கு நம் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் கூற வேண்டும். திரைப்படங்களின் ஒழுக்கக் கேடு பற்றிய கவலை அமெரிக்காவில் பெருகியபோது, 1930ஆம் ஆண்டு ஒரு தயாரிப்பு நெறிமுறை வகுக்கப்பட்டது. அதனை எழுதியதில் முதன்மைப் பங்கு வகித்தவர் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை டேனியல் லார்ட். அவரோடு கத்தோலிக்க இதழாசிரியர் மார்ட்டின் குவிக்லியும் இணைந்து செயற்பட்டார். கதை, வசனம், நடனம் ஆகியவற்றோடு ஆடை பற்றியும் அந்நெறிமுறையில் தனிப் பகுதி இருந்தது. தகாத முறையில் உடல் வெளிப்படுவதை அது தடை செய்தது. தொடக்கத்தில் பெயரளவில் இருந்த இந்நெறிமுறை, கத்தோலிக்க ஆயர்களின் ஆதரவோடு எழுந்த நல்லொழுக்க இயக்கத்தின் அழுத்தத்தால், 1934 முதல் ஜோசப் பிரீன் என்னும் கத்தோலிக்கரின் தலைமையில் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது.

எடித் ஹெட்டுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்த பணிகளுள் ஒன்று, 1933இல் மே வெஸ்ட் நடித்த ‘ஷீ டன் ஹிம் ராங்’ என்னும் படம். மே வெஸ்டின் படங்களே அந்நெறிமுறை கடுமையாவதற்கு ஒரு காரணமாயின என்பது வரலாற்றின் வேடிக்கை. மூன்றாண்டுகள் கழித்து, நெறிமுறை முழு வலிமையோடு இருந்த 1936இல், ‘தி ஜங்கிள் பிரின்சஸ்’ என்னும் படத்தில் டோரதி லாமூருக்கு எடித் ஹெட் சாரோங் வகை ஆடை ஒன்றை அமைத்தார். நம் ஊரில் கைலி என்றும் ஈழத்தில் சாரம் என்றும் வழங்கும் உடையின் உறவினம் அது. மலாய் மக்கள் இடுப்பில் எளிமையாகச் சுற்றிக்கொள்ளும் அத்துணியை, ஹாலிவுட்டின் தேவைக்கேற்ப மார்பு முதல் முழங்கால் வரை உடலோடு பொருந்தத் தைத்தார். தணிக்கையாளர் தடுக்கவும் இயலவில்லை. பார்ப்பவர் மறக்கவும் இயலவில்லை. அந்நடிகை வாழ்நாள் முழுவதும் அவ்வாடையாலேயே அறியப்பட்டார். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் உள்ளத்தைத் தாண்டிச் செல்லும் வழியைத் துணியும் அறிந்திருந்தது எனலாம்.

பாத்திரத்தை உரைக்கும் ஆடை

எடித் ஹெட்டின் உண்மையான திறம் பகட்டில் இல்லை. பகட்டும் அவருக்குக் கைவந்தது என்பதற்கு, 1944இல் வெளிவந்த ‘லேடி இன் தி டார்க்’ படத்தில் ஜிஞ்சர் ரோஜர்ஸ் அணிந்த மிங்க் மென்மயிர் ஆடையே சான்று. உலகப் போரின் காரணமாகச் சாதாரணப் பெண்களின் பாவாடை நீளத்திற்கும் அரசு அளவு வகுத்திருந்த காலத்தில் தைக்கப்பட்ட ஆடை அது. அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. எதிரே நிற்கும் மனிதரின் உடலையும், கதை கேட்கும் பாத்திரத்தையும் ஒருசேரப் படித்தறியும் ஆற்றலே அது.

பார்பரா ஸ்டான்விக் சிறந்த நடிகை. ஆனால் அவருடைய உடலமைப்பில் இடை நீண்டும் பின்புறம் சற்றுத் தாழ்ந்தும் இருந்ததால், நாகரிக உடைகள் அவருக்குப் பொருந்தா என்பது பிறர் கருத்தாக இருந்தது. 1941இல் ‘தி லேடி ஈவ்’ படத்திற்காக எடித் ஹெட் அவருடைய இடைப்பட்டையை முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் வெட்டினார். அவ்வளவே. குறை கண்ணுக்கு மறைந்தது. அப்படத்திற்குப் பின் ஸ்டான்விக் நாகரிக மங்கையாகவும் கருதப்பட்டார். நடிகையை மாற்ற முயலாமல் துணியை மாற்றிய அறிவு இது.

1949இல் வில்லியம் வைலர் இயக்கிய ‘தி ஹெய்ரஸ்’ படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்ட், தந்தையின் அன்பைப் பெறாத, தன் அழகில் நம்பிக்கையில்லாத செல்வக் குடும்பத்துப் பெண்ணாக நடித்தார். செல்வர் மகளாதலால் ஆடை விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஆனால் அது அவளுக்கு அழகு சேர்க்கவும் கூடாது. எடித் ஹெட் சிறந்த துணியைத் தேர்ந்து, அலங்காரத்தை மிகுதியாக்கி, பொருத்தத்தைச் சற்றே பிசகவிட்டார். கதை வளர்ந்து அப்பெண் தன் மனத்தின் வலிமையை உணரும்போது, ஆடையும் அவள் உடலோடு இசைந்து கம்பீரம் பெறுகிறது. தையற்கலையின் முதற்பாடம் பொருந்தத் தைப்பது. அறிந்தே பொருந்தாமல் தைப்பதற்கு அதனினும் மிக்க தேர்ச்சி வேண்டும். எடித் ஹெட்டின் முதல் ஆஸ்கார் இப்படத்திற்கே கிடைத்தது.

1953இல் வெளிவந்த ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் அரண்மனையினின்று தப்பி வெளியேறும் இளவரசியாக ஆட்ரி ஹெப்பர்ன் தோன்றுகிறார். கழுத்து வரை பொத்தானிட்ட நீண்ட கைச்சட்டையும் அகன்ற பாவாடையுமே அவர் உடை. ரோமாபுரித் தெருக்களில் நாள் செல்லச் செல்ல, சட்டையின் கைகள் மடிக்கப்படுகின்றன, கழுத்துப்பட்டை திறக்கிறது, சந்தையில் வாங்கிய செருப்பு காலில் ஏறுகிறது, கழுத்தில் ஒரு சிறு கைக்குட்டை வந்து சேர்கிறது. உடை மாறவில்லை, உடுத்தவள் மாறிவிட்டாள். விடுதலை என்ற சொல்லை எவரும் கூறாமலே நாம் அதனைக் கண்டுகொள்கிறோம்.

நம் வாசகர் பலர் அறிந்த ‘கோயிங் மை வே’ படத்தின் ஆடைப் பொறுப்பும் எடித் ஹெட் பெயரிலேயே அமைந்தது. 1944இல் வெளிவந்து 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்தில், பிங் கிராஸ்பி இளம் குருவாகவும் பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் முதிய பங்குக் குருவாகவும் நடித்தனர். பங்குக்கு வந்து சேரும் இளம் குரு, தெரு கழுவும் வண்டியின் நீரில் நனைந்துவிடுகிறார். மாற்றுடையாகத் தளபந்தாட்டக் குழு ஒன்றின் சட்டையை அணிந்துகொண்டு முதிய குருவைச் சந்திக்கிறார். அங்கியில் வாழ்ந்து முதிர்ந்தவருக்கு அக்காட்சி திகைப்பைத் தருகிறது. இரு தலைமுறைக் குருத்துவத்தின் வேறுபாட்டை எந்தச் சொற்பொழிவும் இன்றி இரண்டு உடைகள் எதிரெதிரே நின்று உரைக்கின்றன.

தம்மை மறைத்துக்கொண்டவர்

பிறரை அழகுபடுத்திய இவ்வம்மையார் தம்மை எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்பதும் நோக்கத்தக்கது. நெற்றியில் நேராக வெட்டிய முடி, வட்டமான கருங்கண்ணாடி, சாம்பல் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ அமைந்த எளிய மேற்சட்டையும் பாவாடையும்: ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் இதுவே அவர் கோலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறங்கள் எவ்வாறு தோன்றும் என்று அறிவதற்காகத் தொடக்கத்தில் நீலக் கண்ணாடி அணிந்தார் என்பர். எளிய உடைக்கும் காரணம் இருந்தது. ஆடை அளவு பார்க்கும் அறையில் நடிகை கண்ணாடியை நோக்கும்போது, அவர் கண் தம்மீதே தங்க வேண்டும். அருகில் நிற்கும் வடிவமைப்பாளர்மீது செல்லலாகாது. பணிவும் தொழில் தந்திரமும் கலந்த அக்கோலம், நாளடைவில் யாவரும் கண்டவுடன் அறியும் அடையாளமாகவே மாறிவிட்டது.

இயக்குநரின் எண்ணத்திற்கு இணங்கிப் பணியாற்றுவதும் அவர் இயல்பு. ‘வெர்டிகோ’ படத்தில் (1958) கிம் நோவாக் சாம்பல் நிற உடை அணிய வேண்டும் என்பது இயக்குநர் ஹிட்ச்காக்கின் உறுதி. நடிகை அந்நிறத்தை விரும்பவில்லை. எடித் ஹெட் இயக்குநரிடம் சென்று பேசினார். அவர் அசையவில்லை என்று கண்டதும், அந்நிறத்திலேயே அவ்வாடையை அமைத்தார். அணிந்தவருக்கு இயல்பாக இல்லாத அவ்வாடையின் இறுக்கம், வேறொருத்தியாக வேடமிட்டு வாழும் அப்பாத்திரத்தின் இறுக்கமாகவே அமைந்துவிட்டது.

தம் தவற்றை மறைக்காத இயல்பும் அவரிடம் இருந்தது. 1950இல் வெளிவந்த ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில் பெட்டி டேவிஸ் அணிந்த தோள் தாழ்ந்த ஆடை பெரிதும் பாராட்டப்பட்டது. அது திட்டமிட்டு அமைந்ததன்று. மேற்பகுதியின் அளவு பிசகி, கழுத்து அகன்றுபோன ஆடை அது. டேவிஸ் அதனைத் தோளுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, இதுவே நன்றாக உள்ளது எனத் தீர்த்துவிட்டார். இக்கதையை உலகுக்குச் சொன்னவர் எடித் ஹெட்டே. அப்படத்திற்கான விருதைச் சார்லஸ் லமேர் என்பவரோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

ஓர் இரவும் இரு விருதுகளும்

1955ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் இரவு நடந்த ஆஸ்கார் விழாவை நாம் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அன்று சிறந்த நடிகைக்கான விருதைக் கிரேஸ் கெல்லி பெற்றார். ‘தி கன்ட்ரி கேர்ள்’ என்னும் படத்தில், குடிப்பழக்கத்தால் சீரழிந்த கணவனோடு வாழும் களைத்த மனைவியாக அவர் நடித்திருந்தார். பேரழகியான அவரை, நிறம் மங்கிய கம்பளிச் சட்டைக்குள் வைத்துச் சாதாரணப் பெண்ணாக்கிக் காட்டியவர் எடித் ஹெட். விருதைப் பெற மேடையேறியபோது கெல்லி அணிந்திருந்த வெளிர்நீலப் பட்டாடையும் எடித் ஹெட் அமைத்ததே. ஒரே பெண்ணை மங்கச் செய்யவும் ஒளிரச் செய்யவும் அறிந்த கரம் அது.

அதே இரவில் எடித் ஹெட்டும் மேடையேறினார். பில்லி வைல்டர் இயக்கிய ‘சப்ரினா’ படத்திற்காகக் கறுப்பு வெள்ளைப் பிரிவில் ஆடை வடிவமைப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்படத்தில் வண்டியோட்டியின் மகள் பாரிஸ் சென்று நாகரிக மங்கையாகத் திரும்பி வருகிறாள். அவள் திரும்பி வந்தபின் அணிந்து மனங்கவர்ந்த ஆடைகள், பாரிஸ் நகரத்து இளம் வடிவமைப்பாளர் உபேர் டி ஷிவான்ஷியின் படைப்புகள். ஆட்ரி ஹெப்பர்ன் நேரில் சென்று தேர்ந்தெடுத்தவை அவை. ஆனால் திரையில் ஷிவான்ஷியின் பெயர் இல்லை, விருதிலும் இல்லை. மேடையில் நின்ற எடித் ஹெட்டும் அவர் பெயரைக் கூறவில்லை.

அவரைக் காத்துப் பேசுவோர் கூறும் நியாயமும் உண்டு. துறைத் தலைவர் என்ற முறையில் படத்தின் ஆடைகள் அனைத்துக்கும் பொறுப்பு அவருடையது. பாரிஸ் செல்லும் முன் சப்ரினா அணியும் எளிய உடைகளும் பிறர் உடைகளும் அவர் கையால் அமைந்தவை. பெயர்களைத் திரையில் இடுவதும் விடுவதும் நிறுவனத்தின் வழக்கம். இவை யாவும் உண்மை. எனினும் ஒரு பெயரை உச்சரிக்க ஒரு நொடி போதுமே என்ற எண்ணம் நம்மை விடுவதில்லை. 1924இல் இரவல் படங்களோடு வாயிலில் நின்ற இளம்பெண்ணிடம் பிழைப்பின் நெருக்கடி இருந்தது. விருதுகள் பல பெற்று மேடையில் நின்றவரிடம் அந்நெருக்கடி இல்லை. வழக்கம் நமக்குச் சார்பாக இருக்கும்போது அது வழக்கமாகத் தோன்றுகிறதேயன்றி, அநீதியாகத் தோன்றுவதில்லை. இது எடித் ஹெட் ஒருவரின் குறையன்று. மனித இயல்பின் குறை.

பிழை முற்றிலும் திருத்தப்படாமலும் போகவில்லை. 1957இல் வெளிவந்த ‘ஃபன்னி ஃபேஸ்’ படத்தில் ஹெப்பர்னின் பாரிஸ் ஆடைகளை அமைத்த ஷிவான்ஷியின் பெயர் திரையில் இடம்பெற்றது. எடித் ஹெட்டும் அவரும் இணைந்தே அவ்வாண்டு விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர்.

வேறு வழி இருந்ததா?

புகழைப் பகிர்வது அக்காலத்தில் இயலாத செயல் அன்று என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கார் விருது 1948ஆம் ஆண்டின் படங்களுக்கே முதன்முதலாக வழங்கப்பட்டது. வண்ணப் பிரிவில் எடித் ஹெட் பங்குபெற்ற ‘தி எம்பரர் வால்ட்ஸ்’ பரிந்துரை பெற்றும் வெல்லவில்லை. வென்றது, புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் வாழ்வைச் சித்திரித்த, இங்கிரிட் பெர்க்மன் நடித்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ என்னும் படம். அவ்விருதில் இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டன: ஆடைகளை வடிவமைத்த டோரதி ஜீக்கின்ஸ், அவற்றைத் துணியில் உருவாக்கிய பார்பரா கரின்ஸ்கா. எண்ணியவரும் தைத்தவரும் ஒருங்கே மேன்மை பெற்றனர். அவ்விருதின் முதல் ஆண்டிலேயே நேரிய வழி காட்டப்பட்டிருந்தது. ஆனால் அது வழக்கமாக வேரூன்றவில்லை.

கிரேஸ் கெல்லியின் திருமண ஆடையும் இதனையே நினைவூட்டுகிறது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், மொனாக்கோ நாட்டின் புனித நிக்கோலாஸ் பேராலயத்தில் இளவரசர் ரெய்னியரை அவர் கரம்பற்றியபோது, உலகெங்கும் கத்தோலிக்க இல்லங்களில் அத்திருமணம் பேசுபொருளாயிற்று. அவ்வாடையை அமைக்கும் வாய்ப்பு எடித் ஹெட்டுக்குக் கிட்டவில்லை. கெல்லி ஒப்பந்தம் செய்திருந்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஹெலன் ரோஸ் அதனை வடிவமைத்தார். அந்நிறுவனம் அதனை மணக்கொடையாக வழங்கியது. பழமையான பின்னல் சரிகையைக் கொண்டு, அந்நிறுவனத்துத் தையற்பெண்கள் பலர் வாரக்கணக்கில் உழைத்து முடித்த ஆடை அது. இன்று அது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் உடைமை. மணமகளின் பெயர் அறிவோம். வடிவமைத்தவர் பெயர் அறிவோம். சரிகையைத் துணியோடு இணைத்த விரல்களின் பெயர்களை உலகம் நினைவில் கொள்ளவில்லை.

அந்திப்பொழுது

1948ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, படநிறுவனங்கள் திரையரங்குகளைத் தம் கைக்குள் வைத்திருந்த முறைக்கு முடிவு கட்டியது. தொலைக்காட்சியும் பரவியது. நிறுவனங்களின் நிலையான வருவாய் குறைய, நிலையான பணியாளர் கூட்டமும் சிறுகச் சிறுகக் கலைந்தது. நூற்றுக்கணக்கானோர் உழைத்த ஆடைப் பட்டறைகள் சுருங்கின. 1967இல் பாரமவுண்ட் நிறுவனம் எடித் ஹெட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 43 ஆண்டுகள் பணியாற்றிய இடம் அது. அப்போது அவருக்கு வயது 69.

ஓய்வு கொள்ளும் வயதில் அவர் யூனிவர்சல் நிறுவனத்திற்குச் சென்று மீண்டும் வரைகோலை எடுத்தார். 1973இல் வெளிவந்த ‘தி ஸ்டிங்’ படத்திற்கு எட்டாம் விருது கிடைத்தது. அப்படத்தில் பெரிதும் இடம்பெற்றவை 1930களின் ஆண்களுடைய உடைகளே என்பது குறிப்பிடத்தக்கது. 1940இல் அவர் மணந்த கலை இயக்குநர் வியார்ட் ஈனன் 1979இல் காலமானார். 1981ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், 84ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள்கள் இருக்கையில் எடித் ஹெட்டும் மறைந்தார். அவர் கடைசியாகப் பணியாற்றிய ‘டெட் மென் டோன்ட் வேர் பிளெய்ட்’ என்னும் படம் மறு ஆண்டில் வெளிவந்து, அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. 2003இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது.

நம் சிந்தனைக்கு

இவ்வரலாற்றை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? எடித் ஹெட்டைப் போலிப் புகழ் பெற்றவர் என ஒதுக்குவது நீதியாகாது. பிறர் படங்களைக் காட்டி நுழைந்தவர், 14 ஆண்டுகள் பிறர் நிழலில் நின்று கற்று, பின்னர் தலைமுறைகள் மறவாத ஆடைகளைத் தந்தார். பெரும் பட்டறையை ஒழுங்குபடுத்தி நடத்துவதும், கோபக்கார நடிகையரையும் பிடிவாத இயக்குநர்களையும் ஒரே துணியில் இணங்கச் செய்வதும் தாமே ஒரு கலை. அக்கலையில் அவருக்கு நிகர் அரிது. அதே வேளையில், அவர் குவித்த விருதுகள் அனைத்தும் ஒருவருக்கே உரியவை எனக் கொள்வதும் உண்மையாகாது.

ஒரு நல்ல ஆடையில் தையல் கண்ணுக்குத் தெரியாது. தையல் தெரியாமல் தைப்பது தையற்காரரின் பெருமை. ஆனால் தைத்தவரே தெரியாமல் போவது பார்ப்பவரின் பிழை. வேலை தன்னை மறைத்துக்கொள்ளலாம். வேலையாளை நாம் மறைத்தலாகாது. ஒரு விழா நிறைவுற்றதும் மேடையில் இருப்போருக்கு மாலை விழுகிறது. ஒரு மலர் வெளிவந்ததும் தொகுப்பாளர் பாராட்டப்படுகிறார். ஒரு கட்டடம் எழுந்ததும் கல்வெட்டில் சில பெயர்கள் ஏறுகின்றன. அவ்விடங்களில் நாம் தலைமை ஏற்றிருப்பின், நம் பெயருக்குக் கீழே எத்தனை கரங்கள் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை. அக்கரங்களுக்கு உரியவரை மேடைக்கு அழைக்க இயலாமற் போகலாம். கல்வெட்டில் இடம் போதாமற் போகலாம். ஆயினும் அவர் பெயரை வாயால் உரைக்க எந்த வழக்கமும் நம்மைத் தடுப்பதில்லை.

பழைய அமெரிக்கப் படம் ஒன்றை இனி நாம் காண நேரும்போது, தொடக்கத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் அப்பெயரை மதிப்போடு நோக்குவோம். அதன் பின்னே, பெயர் அச்சாகாத தையற்பெண் ஒருத்தி பற்களால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த மணியைக் கோக்கக் குனிந்திருப்பதையும் நம் மனக்கண் காணட்டும்.